கழுத்து வலி: கைச்சிகிச்சை எப்போது உதவும், எப்போது கூடாது?

பேருந்து வருகிறதா என்று பார்க்கத் திரும்பும்போது, கழுத்து மட்டும் திரும்பாமல் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறதா? காலையில் எழுந்ததும் பிடரி இறுகிப்போய், தைலம் தேய்த்த பிறகுதான் தலையை அசைக்க முடிகிறதா? "என்ன, இப்படிக் கூனிப்போய் நடக்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்களா?

அப்படியானால் இந்தக் கையேடு உங்களுக்குத்தான். கழுத்து வலிக்கும் முன்னால் சாய்ந்த தலைக்கும் தரப்படும் கைச்சிகிச்சையைப் பற்றி இதில் படிக்கலாம். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, கழுத்தை யாரிடம் நம்பி ஒப்படைக்கலாம், எப்போது யாரையும் கழுத்தில் கைவைக்க விடக்கூடாது என்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்து சிறியதாகத் தெரிந்தால், வீட்டில் ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதில் உள்ளன.

கழுத்தைப் பற்றிச் சில செய்திகள்

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கடையில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் பாரம் தெரியாது. கையை முன்னே நீட்டித் தூக்கினால் சிறிது நேரத்திலேயே தோள் வலிக்கும். தலையும் அப்படித்தான். அது தோளுக்கு நேர்மேலே இருந்தால் கழுத்துத் தசைகளுக்கு வேலை குறைவு. முன்னால் நீண்டுகொண்டே இருந்தால், அதைப் பிடித்து நிறுத்தப் பிடரித் தசைகள் நாள் முழுவதும் பாடுபட வேண்டும்.

கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கைகளுக்கும் கால்களுக்கும் செல்லும் நரம்புகள் அவற்றின் நடுவே இறங்குகின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, இந்த எலும்புகளின் பக்கவாட்டில் உள்ள சிறிய துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியமாகும்.

'தேய்மானம்' என்று கேட்டுப் பயப்பட வேண்டாம்

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று சொன்னால் பலர் கலங்கிப் போகிறார்கள். இனி கழுத்தை அசைக்கவே கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயதானவர்கள் பெரும்பாலோருக்கு, வலியே இல்லாதவர்களுக்குக்கூட, எக்ஸ்ரேயில் இந்த மாற்றங்கள் தெரியும். முடி நரைப்பதைப் போன்றது அது. தேய்மானம் இருந்தாலும் வலி குறையலாம், கழுத்து முன்பைவிட நன்றாகத் திரும்பலாம். அசைக்காமல் வைத்திருந்தால்தான் கழுத்து மேலும் இறுகும்.

தலை ஏன் முன்னால் வருகிறது?

ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுப் பழக்கம் சேர்ந்து வருகிறது. மடியில் கைத்தொலைபேசியை வைத்துக் குனிந்து வாட்ஸ்அப் பார்ப்பது, நாளிதழை மேசையில் விரித்துத் தலை கவிழ்ந்து படிப்பது, தாழ்வான இடத்தில் காய்கறி நறுக்குவது, பூ கட்டுவது, சோபாவில் சரிந்தபடி தொலைக்காட்சி பார்ப்பது எல்லாம் இதில் சேரும். தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தலையை முன்னே நீட்டுவார்கள். அதுவும் ஒரு காரணம்.

தலை முன்னால் சாய்ந்த எல்லாருக்கும் வலி வருவதில்லை. நிமிர்ந்து நிற்கும் சிலருக்கும் வலி வரும். ஆகவே, சரியான தோற்றம் வர வேண்டும் என்று கழுத்தை வலிந்து பின்னால் தள்ளாதீர்கள். வலியில்லாமல் திரும்பவும் நிமிரவும் முடிய வேண்டும் என்பதே நம் நோக்கம்.

உங்கள் நிலையை அறிய, சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். குதிகால்கள் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும். மோவாயைத் தூக்காமல், பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா? தொடவில்லையென்றால், இடையில் எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

கவனம்: இளம் வயதில் இருந்ததைவிட உங்கள் உயரம் 4 சென்டிமீட்டருக்குமேல் குறைந்திருக்கிறதா? மேல்முதுகு வளைந்து கூன் விழுந்திருக்கிறதா? எலும்பு அடர்த்தி குறைந்ததால் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். இது பழக்கத்தால் வந்த கூன் அல்ல. கைச்சிகிச்சைக்குப் போகுமுன் மருத்துவரைப் பாருங்கள்.

கைச்சிகிச்சை என்றால் என்ன?

பயிற்சி பெற்ற ஒருவர், கருவி எதுவும் இல்லாமல், தம் கைகளாலேயே தசைகளையும் மூட்டுகளையும் இளக்குவது கைச்சிகிச்சை. சிங்கப்பூரில் இதைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் செய்கிறார்கள். 2011ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ உங்கள் வலியைச் சொன்னால், தேவைப்பட்டால் அவர்களிடம் அனுப்பி வைப்பார்கள்.

எடுத்தவுடனேயே கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். வலி எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, கீழே விழுந்தீர்களா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். கையின் பலத்தையும் தொடு உணர்வையும் சோதிப்பார்கள். இப்படிக் கேள்வி கேட்காமல் நேராகக் கழுத்தில் கைவைக்கும் யாரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

பிறகு, உங்களுக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துச் செய்வார்கள்:

• இறுகிய தசையை அழுத்தியும் நீவியும் தளர்த்துதல்.
• ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக, ஒரே சீராக, முன்னும் பின்னும் அசைத்தல். பிடிக்கவில்லையென்றால் அந்த நொடியே நிறுத்தச் சொல்லலாம்.
• தலையைக் கைகளில் தாங்கி மெல்ல இழுத்துப் பிடித்தல்.
• அவர் கையை எதிர்த்து நீங்கள் மெதுவாகத் தலையைத் தள்ளி, பின் தளர்த்துதல்.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் இலேசான வலியோ களைப்போ இருக்கலாம். அது தானாகவே தணியும். இரண்டு நாளுக்குமேல் நீடித்தாலோ, வலி கைக்கு இறங்கினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் தெரிவியுங்கள்.

கைச்சிகிச்சை எதைச் செய்யாது?

"எலும்பு விலகிவிட்டது, உள்ளே தள்ளிவிட்டேன்" என்று சிலர் சொல்வார்கள். சாதாரணக் கழுத்து வலியில் எலும்பு விலகுவதில்லை. விலகியிருந்தால் அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. 'டக்' என்று கேட்கும் சத்தமும் எலும்பு சேர்ந்த சத்தம் அன்று. மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உருவாகும் சத்தம் அது. சத்தம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்று நினைக்க வேண்டாம்.

கைச்சிகிச்சை வலி உணர்வைத் தணிக்கிறது, தசையை இளக்குகிறது. கழுத்து எளிதாகத் திரும்பும். ஆனால், அந்தச் சுகம் பலருக்குச் சில மணி நேரமோ சில நாளோதான் நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு, 70 வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை நினைத்துக்கொள்வோம். வாரந்தோறும் பணம் கொடுத்துக் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்கிறார். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. மூன்றாம் நாள் அதே சோபா, அதே தலையணை, அதே வலி. அடுத்த வாரம் மறுபடியும் போகிறார். தப்பு பிடித்துவிட்டவரிடம் இல்லை. கழுத்து இளகியிருந்த அந்த இரண்டு நாளில் அவர் கழுத்துக்குப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. அதே பாட்டி, வலி குறைந்த அந்த நேரத்தில் தினமும் பத்து நிமிடம் பயிற்சி செய்து தலையணையையும் மாற்றினால், நாளடைவில் பிடித்துவிட ஆள் தேவைப்படாமல் போகலாம்.

கைச்சிகிச்சை கதவைத் திறந்துவிடும். உள்ளே நடந்து போக வேண்டியவர் நீங்கள்தான். இரண்டும் சேரும்போதுதான் பலன் நிலைக்கிறது.

கழுத்தில் நெட்டி முறிக்க விடாதீர்கள்

முடி வெட்டி முடித்ததும் தலையை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று இடமும் வலமும் திருப்பி நெட்டி முறிப்பது நம்மவர்களிடையே நெடுநாள் பழக்கம். உடம்பே இலேசானதுபோல் இருக்கும். "எத்தனை வருஷமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம்.

கழுத்து எலும்புத் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய்களைப் பற்றி மேலே படித்தீர்கள். தலையை வேகமாக முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இது அரிதாகவே நடக்கிறது. ஆனால், நடந்தால் விளைவு பெரியது. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. எலும்பு பலவீனமான முதியவர்களுக்கு எலும்பு முறிவு அபாயமும் உண்டு. வலி குறைய மென்மையான வழிகள் இருக்கும்போது, இந்த அபாயம் எதற்கு?

நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, முடி மட்டும் வெட்டுங்க. கழுத்தைத் திருப்ப வேண்டாம்." யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களே மோவாயைப் பிடித்துச் சட்டென்று திருகிக்கொள்வதும் வேண்டாம். பேரப்பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள்.

சிகிச்சைக்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும், யாரும் கழுத்தில் கைவைக்குமுன் சொல்லுங்கள்:

• எலும்பு அடர்த்திக் குறைவு, அல்லது முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு
• அண்மையில் கீழே விழுந்தது, சிறிய வழுக்கலாக இருந்தாலும்கூட
• ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவது
• விரல் மூட்டுகள் வீங்கி இறுகும் முடக்குவாதம். இது கழுத்தின் மேல் மூட்டுகளைத் தளர்த்தியிருக்கலாம்.
• பக்கவாதம், புற்றுநோய், கழுத்து அறுவை சிகிச்சை
• தலையைத் திருப்பும்போது தலைசுற்றல்

மருந்துப் பெயர்கள் நினைவில் இல்லாவிட்டால், மாத்திரைப் பைகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய நான்கு பயிற்சிகள்

கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். பாதங்கள் தரையில் பதிந்திருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள். இலேசான இழுப்பு இருக்கலாம். கூர்மையான வலி, தலைசுற்றல், கை மரப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். முதலில் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். பழகியபின் காலையும் மாலையும் செய்யலாம்.

1. மோவாயை உள்ளிழுத்தல்: நேரே பாருங்கள். தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும், மோவாயை நேராகப் பின்னால் இழுங்கள். யாரோ முகத்துக்கு மிக அருகில் வந்தால் பின்வாங்குவோமே, அதைப் போல. 5 நொடி வைத்திருந்து தளர்த்துங்கள். 10 முறை. உட்கார்ந்து செய்யக் கடினமாக இருந்தால், படுத்துக்கொண்டு பின்னந்தலையால் தலையணையை மெதுவாக அழுத்துங்கள்.

2. தோள்பட்டையைச் சேர்த்தல்: கைகளைத் தொங்கவிட்டு, முதுகின் இரு தோள்பட்டை எலும்புகளையும் ஒன்றையொன்று நோக்கிப் பின்னால் இழுங்கள். தோள்கள் காதை நோக்கி உயரக்கூடாது. 5 நொடி, 10 முறை.

3. கழுத்தைத் திருப்புதல்: மெதுவாக வலப்பக்கம், வலியில்லாத அளவுவரை திருப்புங்கள். 3 நொடி நில்லுங்கள். நடுவுக்கு வந்து, இடப்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு பக்கமும் 5 முறை. தலையை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

4. கையை எதிர்த்துத் தள்ளுதல்: உள்ளங்கையை நெற்றியில் வையுங்கள். தலை அசையாமல், நெற்றியால் கையை மெல்லத் தள்ளுங்கள். 5 நொடி. பிறகு பின்னந்தலையிலும் இரு பக்கமும் அப்படியே. ஒவ்வொன்றும் 5 முறை. முழுப் பலத்தையும் போட வேண்டாம்.

தசை வலுப்பெற வாரக்கணக்காகும். ஆறு வாரமாவது விடாமல் செய்து பாருங்கள். காலைத் தேநீருக்குமுன் என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டால் மறக்காது.

வீட்டில் சிறு மாற்றங்கள்

• கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடியுங்கள். கை வலித்தால் முழங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வீட்டில் இளையவர்களைக் கேளுங்கள்.
• நறுக்கும் பலகையை இடுப்புக்கு மேலான உயரத்தில் வையுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.
• ஒரே தலையணை போதும். அது கழுத்தின் வளைவைத் தாங்க வேண்டும். குப்புறப் படுக்க வேண்டாம். கூன் இருந்தால் தலையணையை எடுத்துவிட்டுப் படுக்காதீர்கள். தலை பின்னால் தொங்கும்.
• வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். துணியில் சுற்றி, 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும். நீரிழிவால் தொடு உணர்வு குறைந்தவர்கள், சூட்டை வேறொருவர் சரிபார்த்தபின் கொடுங்கள்.
• வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில மாத்திரைகள் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.

இவை இருந்தால் கைச்சிகிச்சை வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்

• சட்டைப் பொத்தான் போட, சேலை மடிப்பு வைக்க, சில்லறை எண்ண விரல்கள் ஒத்துழைக்காமல் தடுமாறுவது
• நடையில் தள்ளாட்டம், கால்கள் கனத்துப் போவது
• கையில் மரப்போ பலக்குறைவோ கூடிக்கொண்டே போவது
• சிறுநீர் அல்லது மலத்தை அடக்க முடியாமல் போவது. இது திடீரென்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.
• காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி

முதல் இரண்டையும் பலர் "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். கழுத்தில் உள்ள தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறியாக அவை இருக்கலாம். கழுத்தில் வலியே இல்லாமலும் இது வரக்கூடும். தாமதித்தால் இழந்த பலம் முழுவதும் திரும்பாமல் போகலாம்.

உடனே 995ஐ அழையுங்கள்

• முகம் ஒருபக்கம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல்
• கழுத்தைத் திருப்பியபின் முன்பு இல்லாத கடும் கழுத்து வலி அல்லது தலைவலி, பொருள்கள் இரண்டாகத் தெரிதல், விழுங்க முடியாமை, நிற்க முடியாத தலைசுற்றல்
• கழுத்து அல்லது தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல். இது மாரடைப்பாக இருக்கலாம்.
• கீழே விழுந்தபின் கடும் கழுத்து வலி. கழுத்தை நீவவோ திருப்பவோ வேண்டாம். உதவி வரும்வரை அசையாமல் இருங்கள்.

சிகிச்சையாளரிடம் கேளுங்கள்

தயங்காமல் இந்த நான்கையும் கேளுங்கள்: "என் வலிக்குக் காரணம் என்ன? கழுத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்? எத்தனை முறை வர வேண்டும்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், பிள்ளைகளையோ தமிழ் தெரிந்த அண்டை வீட்டாரையோ அழைத்துச் செல்லுங்கள். பயிற்சிகளைச் சிகிச்சையாளர் செய்துகாட்டும்போது, அவர் அனுமதியுடன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டால் வீட்டில் பார்த்துச் செய்யலாம்.

கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லாமல், "வாரா வாரம் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், இன்னொருவரின் கருத்தையும் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் தம் உதவி இல்லாமலேயே நீங்கள் சமாளிக்கும் நாளை நோக்கித்தான் உங்களை நடத்திச் செல்வார்.

இன்று தொடங்க ஒன்று போதும். இந்தக் கையேட்டை மடித்து வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை மெல்ல உள்ளிழுங்கள். ஐந்துவரை எண்ணுங்கள். அதுதான் முதல் முறை. இன்னும் ஒன்பது இருக்கிறது.